ஸ்வெட்டருக்குள் நான் மறைத்த தழும்பு

ஒன்பது வெள்ளிக்கிழமை மாரியம்மனிடம் நான் தப்பாகத்தான் வேண்டினேன். அப்படியும் தாய் என்னைக் கைவிடவில்லை. அதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் தேயிலைத் தோட்டத்து ஆயா. கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் பிள்ளைகளைக் கொட்டகையில் பார்த்துக்கொள்வது என் வேலை. அவர்களில் தர்ஷினி, இறந்துபோன என் தங்கையின் மகள். ஐந்து வயது. சாயங்காலம் அப்பன் வந்து கூட்டிப் போவான். குடித்துவிட்டால் கை நீட்டுவான். காலையில் வரும்போது பிள்ளையின் கையெல்லாம் தடித்திருக்கும்.

பார்த்தும் நான் வாயைத் திறக்கவில்லை. வெளியே தெரிந்தால் பிள்ளையை மலைக்குக் கீழே ஏதோ இல்லத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்று எங்கள் லயத்து வீடுகளில் பேச்சு. எங்களுடையது குளிர் ஊர்தானே? முழுக்கை ஸ்வெட்டரை மாட்டிக் கழுத்துவரை பொத்தான் போட்டுவிடுவேன். யாருக்குச் சந்தேகம் வரும்? பெரிய கெட்டிக்காரி நான்! "யாரும் இவளை என்னிடமிருந்து பிரிக்கக் கூடாது தாயே" என்று நெய்விளக்கு ஏற்றினேன்.

ஒன்பதாவது வெள்ளியன்று மாலினி வந்தாள். எங்கள் மலையூர் ரிங்லெட்டுக்குப் புதிதாக வந்திருந்த அரசாங்கக் குழந்தை நலப் பணியாளர். அதுவரை மலை முழுக்கச் சுற்ற ஒரே ஆள்தான். எங்கள் பக்கம் எப்போதாவதுதான் வர முடியும். மாலினி தரையில் உட்கார்ந்து பிள்ளைகளோடு விளையாடினாள். வெயில் ஏறியதும் எல்லாரும் ஸ்வெட்டரைக் கழற்றினார்கள். தர்ஷினி மட்டும் கழற்றவில்லை.

"பெரியம்மா திட்டுவாங்க" என்றாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. மாலினி என்னைத் தனியாக அழைத்தாள்.

"இவள கொண்டு போயிராதம்மா" என்று அழுதேன்.

"பயப்படாதீங்க லா, அக்கா. சொந்தத்துல நல்லா பாத்துக்க ஆளு இருக்கான்னுதான் மொதல்ல பாப்போம். நீங்க வச்சிக்கிறீங்களா?"

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் காத்திருந்தேன் போலும்.

டாக்டர், போலீஸ், கோர்ட் என்று எல்லா இடத்துக்கும் மாலினி கூடவே வந்தாள். தர்ஷினி என்னிடமே வந்தாள். அப்பன் குடியை விட மருந்து எடுக்கிறான். மாலினி கூட இருக்கும்போது மட்டும் மகளைப் பார்க்கிறான். தடிப்பைக் கண்டால் யாரிடம் சொல்வது, பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்று எங்கள் ஆயாக்களுக்கும் மாலினி பயிற்சி கொடுத்தாள். இப்போது நானும் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை.

யாரும் பிரிக்கக் கூடாது என்று கேட்டேன். யாரைக் கண்டு பயந்தேனோ, அவள் கையாலேயே தாய் அதைக் கொடுத்தாள். உங்கள் பக்கத்தில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் விளக்கும் ஏற்றுங்கள், வாயையும் திறங்கள். தாய் ஆளை அனுப்புவாள்.

தர்ஷினி இப்போது மழையிலும் ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுகிறாள். "குளிருதுடி, போட்டுக்கடி" என்று நான்தான் பின்னால் ஓடுகிறேன்.