வெள்ளைக் கீற்றுகள்

பெரியவர் அபெனிசாவின் நாக்குப் புற்று எதுவரை பரவியிருக்கிறது என்று ஸ்கேனில் தெரியவில்லை. கடைவாய்ப் பற்களில் அடைத்திருந்த உலோகம், படமெங்கும் வெள்ளைக் கீற்றுகளாகச் சிதறி மறைத்தது. ஃபிஜியின் அந்த ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும் செரியானாவுக்கு இது தினப்படித் தலைவலி. தாடையைத் தூக்கவைத்து இன்னொரு தரம் எடுத்து, இரண்டையும் சேர்த்துக் கீற்றுகளைக் கழித்துவிடுவாள்.

"மாமா, பல்லு அடைச்சிருக்கீங்கல்ல, அதுதான் கெடுக்குது. இன்னைக்குக் கூட்டம். திங்கக்கிழமை வாங்க, சரி பண்ணிடலாம்."

திங்களன்று, உதவி கேட்டு வருபவர் அங்கே காணிக்கையாகத் தரும் கவா வேர்க்கட்டோடு வந்தவர், அதை முறைப்படி அவள் முன் வைத்துவிட்டு வாயைத் திறந்து காட்டினார். அடைத்த பல் ஒன்றுகூட இல்லை. ஈறு கிழிந்து வீங்கியிருந்தது.

"தம்பிதான் குறடு வச்சுப் புடுங்கினான். கெடுத்த சனியன் ஒழிஞ்சுது! இனி நோவு சரியாயிடும்ல, மகளே?"

"ஐயோ! யாரு மாமா புடுங்கச் சொன்னா?"

தன் வாயைத் தானே சபித்துக்கொண்டு அவரைப் படுக்கவைத்தாள். இந்த முறை ஒரு கீற்றும் இல்லை. கீற்றுகள் மறைத்திருந்த இடம் முழுக்க, தொண்டைவரை, புற்றுதான்.

எழுந்து உட்கார்ந்தவர் ரத்தம் கசியச் சிரித்தார்.

"படம் நல்லா வந்திருக்கா?"

"ரொம்பத் தெளிவா வந்திருக்கு, மாமா."