வாசலில் தொங்கிய பல்புகள்

கண்டி நகரத்துக்குச் சூரிய மின்சாரத் திட்டம் போடும் இளைஞர்கள் என்னை முன்னோடி என்கிறார்கள். தங்கள் திட்டத்தில் நானும் ஒப்பமிட வேண்டுமாம். அந்தப் பட்டம் எனக்கு வேண்டாம். மின்சாரத்தை மிச்சப்படுத்த நான் போட்ட முதல் திட்டம் என்ன செய்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

யுத்த காலம். மழை பொய்த்து, நீர்த்தேக்கங்கள் வற்றி, நாடெங்கும் மின்வெட்டு. நகரசபையில் பொறியியலாளனாக இருந்த யாழ்ப்பாணத்துத் தமிழனான என்னிடம் தெருவிளக்குகளைக் குறைக்கும் வேலை வந்தது. ஒன்றுவிட்டு ஒரு விளக்கை அணைப்பதென்று முடிவு செய்தேன். எல்லாத் தெருவுக்கும் ஒரே விதி. கூட்டத்தில் சக அதிகாரி ஒருவர் சிங்களத்தில் கேட்டார்: "உங்க ஆட்களோட லேன்ல மட்டும் எல்லாம் எரியுமா, மச்சான்?"

பகிடிதான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்று பின்னேரமே, துப்புரவுத் தொழிலாளர் குடியிருந்த அந்தத் தமிழ்ச் சந்தில் ஒரு விளக்கும் எரியத் தேவையில்லை என்று வரைபடத்தில் குறித்தேன். வாகனம் குறைவு என்று காரணம் எழுதினேன். யாழ்ப்பாணத்தான் தன் ஆட்களுக்குச் சலுகை காட்டினான் என்று எவரும் சொல்லிவிடக்கூடாது. உண்மைக் காரணம் அதுதான்.

எங்கள் நகரசபைக் கந்தோரைக் கூட்டித் துடைக்கும் பெண் அந்தச் சந்தில் இருந்தவர். ஒருநாள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"லேன்ல வெளக்கு வேணும் சார்."

"எல்லாருக்கும்தானே இருட்டு."

"எல்லார் வீட்டுக்குமா ராத்திரில செக் பண்ண வாறாங்க? தமிழ் வீட்டுக்குத்தானே. வாறது யாரு, யாரக் கூட்டிட்டுப் போறாங்கன்னு பாக்கணும் சார். பாத்தாதானே நாளைக்கு எங்கயாச்சும் போய்ச் சொல்லலாம்."

"மழை வரட்டும், பாப்பம்."

மழைக்கு முன்னால், ஓர் இரவில் ஒரு வேன் வந்தது. அவருடைய தம்பியை ஏற்றிக்கொண்டு போனது. ஏற்றியது யார் என்று சந்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. வேனின் நிறத்தைக்கூட ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் போன இடத்தில், என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார்களாம். சொல்ல அவர்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த நாள் பொழுதுபட, அந்தச் சந்தின் ஒவ்வொரு வாசலிலும் ஒரு பல்பு தொங்கியது. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் நேரத்தில் இவ்வளவு வெளிச்சமா என்று சபையில் சத்தம் எழுந்தது. அகற்றச் சொல்ல நானே போனேன்.

"உள்ள வந்து பாருங்க சார்" என்றார் அந்தப் பெண். வீட்டுக்குள் இருட்டு. பிள்ளைகள் வாசல் வெளிச்சத்தில் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். "உள்ள எரிஞ்ச பல்பத்தான் வெளிய மாட்டியிருக்கோம். ஒங்க கரண்டு ஒண்ணும் கூடல்ல."

"உத்தரவு அம்மா. கழட்டத்தான் வேணும்."

"கழட்டுங்க. நீங்க போனதும் மாட்டுவோம்."

கழற்ற ஆள் அனுப்பினேன். மாட்டினார்கள். திரும்பவும் அனுப்பினேன். அந்த ஆளுக்கு ஏணி பிடித்து, தேத்தண்ணியும் கொடுத்து, அவர் தெருமுனை தாண்டுமுன் மாட்டிவிட்டார்கள். அதன் பிறகு நான் ஆள் அனுப்பவில்லை. துணிவு வந்ததால் அல்ல, மழை வந்துவிட்டது.

தெருவிளக்குகள் மீண்டும் எரிந்தன. வாசல் பல்புகளை அவர்கள் இறக்கவில்லை. தம்பி திரும்பவில்லை. நான் ஓய்வுபெறும்வரை அந்தப் பெண் என் மேசையைத் துடைத்தார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

இளைஞர்களின் திட்டத்தைப் பார்த்தேன். அந்தச் சந்துக்குச் சூரிய விளக்கு கடைசிக் கட்டத்தில்தான். வாகனம் குறைவாம். அதை முதல் கட்டத்துக்குக் கொண்டுவராமல் ஒப்பமிட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கிழவன் தன் ஆட்களுக்குச் சலுகை கேட்கிறான் என்று பேசட்டும்.

ஓம், கேட்கிறேன்.