நான்காவது மன்றாட்டு

கனடா ராணுவத்தில் தன்பாலீர்ப்பாளர்களுக்கு இருந்த தடை நான் சேர்வதற்கு முன்பே நீங்கிவிட்டது. பிறகு எதற்கு முகாம் முகாமாகப் போய், ஒளிக்காமல் சேவை செய்யுங்கள் என்று தொண்டை கிழியப் பேசுகிறாய் என்று கேட்பார்கள். தடை நீங்கியது சட்டத்தில். என் கைக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

ஆப்கானிஸ்தானின் கந்தகாருக்குப் புறப்படுமுன் ஒரு படிவம் தந்தார்கள். காயப்பட்டால் யாருக்கு அறிவிக்க வேண்டும்? என் துணைவனும் நானும் நான்கு வருடமாக மொன்றியலில், லாசாலில் ஒரே வீட்டில் இருந்தோம். அம்மாவுக்கு அவன் என் சிநேகிதன், அவ்வளவுதான். படிவத்தில் அம்மாவின் பெயரை எழுதினேன். யோசிக்கக்கூட இல்லை.

கண்ணிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. அதைப்பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சத்தம்கூட ஞாபகமில்லை. ராணுவத்தினர் பார்க் எக்ஸ்டென்ஷனில் அம்மாவின் கதவைத் தட்டினார்கள். அம்மா அக்காவுக்குச் சொன்னார், பங்குச் சுவாமியாருக்குச் சொன்னார். அவனுக்கு யாரும் சொல்லவில்லை. ஏன் சொல்லப்போகிறார்கள்?

அவன் ஞாயிறு தமிழ்ப் பூசையில் கீபோர்ட் வாசிப்பவன். அந்த ஞாயிறு, பூசையில் ஒவ்வொன்றாக வாசிக்கும் வேண்டுதல்களில் நான்காவது மன்றாட்டில், போரில் காலை இழந்த நம் பங்கின் மகனுக்காக என்று என் பெயரை வாசித்திருக்கிறார்கள். சபை "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பாடவேண்டும். அதற்குச் சுருதி எடுத்துக்கொடுப்பது அவன். கொடுத்திருக்கிறான். ஐந்தாவது மன்றாட்டுக்கும், காணிக்கைப் பாட்டுக்கும் வாசித்திருக்கிறான்.

இதைத்தான் மேடையில் சொல்கிறேன், பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும். கேட்பவர்கள் கண்ணைத் துடைப்பார்கள். எனக்கு ஒன்றும் வராது. கடைச் சாமான் பட்டியலை வாசிப்பதுபோல் வாசித்துவிட்டு இறங்குவேன்.

போன மாதம் காலின் மிச்சத்தில் மறுபடி ஒரு சத்திரசிகிச்சை. ஆஸ்பத்திரியிலும் படிவம் தந்தார்கள். அவன் என் செயற்கைக்காலை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தான். அவசரத்துக்கு அறிவிக்கவேண்டியவர் யார்? எழுதி முடித்த பிறகுதான் பார்த்தேன், அக்காவின் பெயர். அம்மா இப்போது இல்லை, அதனால் அக்கா.

அவனும் பார்த்தான்.

"பரவாயில்லை, விடு," என்றான். "எனக்குத்தான் பூசையில சொல்லுவினமே."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். வெட்கமாக இருந்தது. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு எனக்கு ஏதோ ஒன்று உறைத்தது.

அக்காவின் பெயரை வெட்டிவிட்டு அவனுடையதை எழுதினேன்.

"நம்பரைச் சொல்லு," என்றேன்.

ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னான். எனக்கு அது மனப்பாடம். இருந்தாலும் அவனைச் சொல்லவிட்டு எழுதினேன்.