ஒரு கண் மூடாத ஜெபம்

முதலில் நான் நம்பிய முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலை என் மனைவி ஸ்டெல்லாவின் வாய் வலப்பக்கம் கோணியபோது, அவள் எனக்காகப் புதிதாக ஒரு சேட்டை செய்து காட்டுகிறாள் என்று நம்பினேன். சிரித்தேன். கை தட்டினேன். "ஒன்ஸ் மோர்" என்றுகூடக் கேட்டேன்.

தப்பு முழுவதும் என்மேல் இல்லை. ஸ்டெல்லா நகைச்சுவை நடிகை. பெங்களூருவின் தமிழ் நாடக மேடைகளிலும் சில கன்னட சீரியல்களிலும் கோள் மூட்டும் பக்கத்து வீட்டுக்காரி என்றால் அவள்தான். வசனமே வேண்டாம். இடது புருவத்தை மட்டும் ஏற்றி, வாயை ஒரு பக்கம் இழுத்தால் போதும், கூட்டம் உருளும்.

நான் உருண்டது ஜோகுபாளையத்தில், ஒரு ஆண்டுவிழா நாடகத்தில். அன்று நான் திரை இழுப்பவன். அந்தப் புருவத்தைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் கயிற்றை விட்டுவிட்டேன். கதாநாயகன் பாதி வசனத்தோடு திரைக்குப் பின்னால் போய்விட்டான். என்னை அடிக்க வந்தவர்களை அவள்தான் தடுத்தாள். "விடுங்க. இந்த ஊர்லயே ஒழுங்கா சிரிச்ச ஒரே ஆளு இவருதான்." அப்படி ஆரம்பித்தது எங்கள் குடும்பம்.

அந்தக் காலையில் காப்பி அவளுடைய இடது கடைவாயில் வழிந்து நைட்டியை நனைத்தது. "யோவ், இப்போ நான் நடிக்கலய்யா" என்றாள். வெளியில் 'என்னங்க', வீட்டில் 'யோவ்'. 'இப்போ' என்பதில் 'ப' இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காற்றுதான் வந்தது.

சிரிப்பு நின்றது. அடுத்த நொடியே பக்கவாதம் (மூளைக்கு ரத்தம் தடைப்பட்டு உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது) என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். லுங்கியோடு, தலையில் ஹெல்மெட்டோடு ஆட்டோவில் ஏறினேன். ஆட்டோவுக்கு எதற்கு ஹெல்மெட் என்று ஓட்டுநரும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்திருப்பார். ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து என்னைத்தான் உட்காரச் சொன்னார். நானும் உட்கார்ந்தேன்.

"சிஸ்டர், பேஷண்ட் நானு" என்றாள் ஸ்டெல்லா. "அவரு சும்னே, சும்மா, கூட வந்தவரு."

டாக்டர் இளைஞர். "ரெண்டு புருவத்தையும் மேல தூக்குங்கம்மா" என்றார். வலது ஏறியது. ஊரையே சிரிக்க வைத்த இடது புருவம் அசையவில்லை. ஸ்கேன் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஸ்ட்ரோக் இல்ல. இதுக்குப் பேரு பெல்ஸ் பால்ஸி (முகத்தை அசைக்கும் நரம்பு வீங்கி, ஒரு பக்கம் செயலிழப்பது)." நெற்றியும் சேர்ந்து அசையாதது இந்த நோய்க்கு ஒரு அடையாளம், ஆனால் அதை வீட்டில் உட்கார்ந்து நாமே முடிவு செய்யக் கூடாது என்றார். இதை வாசிப்பவர்களுக்கு நானும் அதையே சொல்கிறேன். வாய் கோணினால் கை தட்டாதீர்கள், ஓடுங்கள்.

"திரும்பி வருமா டாக்டர்?"

"பெரும்பாலும் வந்துடும்மா. எவ்வளவு வரும்னு இப்பவே சொல்ல முடியாது."

"மத்தவங்களுக்கு இது மூஞ்சி. எனக்கு இதுதான் சோறு."

வீக்கம் குறைய ஸ்டீராய்டு மாத்திரை, மூடாத இடது கண் காய்ந்துபோகாமல் இருக்கச் சொட்டு மருந்து, தூங்கும்போது இமைக்கு டேப், கண்ணாடி முன்னால் முகப் பயிற்சி. 'ஈ' என்று இளிக்க வேண்டும், 'ஊ' என்று குவிக்க வேண்டும். துணைக்கு நானும் பக்கத்தில் நின்று இளித்தேன். நடுநடுவே இது ஒட்டுவாரொட்டியோ என்று என் புருவத்தையும் தூக்கிப் பார்த்துக்கொள்வேன். சீரியலில் அவள் பாத்திரத்தை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். போன் வருவது குறைந்தது. கண்ணாடி முன்னால் அவள் நிற்கும் நேரம் கூடியது. நான் சொன்ன ஜோக்குகளுக்கு அவளுடைய பாதி முகம் மட்டும் சிரித்தது. அந்தப் பாதியைப் பார்க்க எனக்குத் தைரியம் போதவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காக்ஸ் டவுனில் எங்கள் சர்ச்சுக்குப் போய்விட்டு நடந்து வந்தோம். ஓரிடத்தில் நின்றுவிட்டாள்.

"சின்ன வயசுல ஜெபம் நடக்கும்போது எல்லாரும் கண்ண மூடுவாங்கல்ல? அப்பதான் நான் கோணவாய் காட்டுவேன். அதான்யா எனக்கு மொத மேடை. ஒருத்தரும் பாக்க மாட்டாங்க."

"ஆண்டவரு பாத்திருப்பாரு. சிரிச்சிருப்பாரு."

"கேளுய்யா. இன்னிக்கு எனக்கு ஒரு கண்ணு மூடல. ஜெபத்துல எல்லாரையும் பாத்துட்டேன். பாட்டு டீச்சருக்கு உதடு நடுங்குது. நகைக்கடைக்காரரு பல்லக் கடிக்கிறாரு. வேண்டிக்கும்போது ஒருத்தர் மூஞ்சியும் நேரா இல்ல. நான் இத்தனை வருஷம் மேடையில பண்ணினது அந்த மூஞ்சியத்தான். அதுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு பாக்கவே இல்ல."

அவள் மறுபடி நடக்க ஆரம்பித்தாள்.

"முன்னெல்லாம் எனக்கு சிரிப்பு வேணும், கைத்தட்டு வேணும்னு கேப்பேன். இன்னிக்கு அவங்களுக்காகக் கேட்டேன். எனக்குன்னு கேக்க மறந்தே போச்சு." பிறகு ஓரக்கண்ணால் பார்த்தாள். "உன்னையும் பாத்தேன். மூக்கு ஒழுகிச்சு. என்ன கேட்ட?"

"உன் வாய் நேரா வந்துடணும், அப்புறம் பழைய மாதிரி கோணலாகணும்னு."

பாதி முகத்தால் சிரித்தாள். இந்த முறை பார்த்தேன்.

மழைக்காலத்தில் இடது இமை மெல்ல மூடத் தொடங்கியது. பிறகு உதடு. 'ப' திரும்பிய நாளில் "பாவி, பரதேசி, பஞ்சப்பாட்டு" என்று என்னை வரிசையாகத் திட்டிச் சரிபார்த்தாள். புருவம் மட்டும் வரவில்லை.

அப்புறம் ஒரு மத்தியானம். மீன் குழம்பு. இரண்டாவது கவளத்தில் அவளுடைய இடது கண்ணிலிருந்து நீர் இறங்கியது. ராத்திரியும் அப்படித்தான், மறுநாளும் அப்படித்தான். உப்புமாவுக்குக்கூட அழுதாள். ஆண்டவர் இவளைத் தொட்டுவிட்டார், சோற்றைக் கண்டாலே நன்றியில் உருகுகிறாள் என்று நான் முடிவு கட்டினேன். சர்ச்சில் நாலு பேரிடம் சொல்லியும்விட்டேன். அவர்கள் அவளைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

டாக்டர்தான் விளக்கினார். நரம்பு மீண்டும் வளரும்போது சில இழைகள் வழி மாறிவிட்டன. எச்சில் ஊறச் சொல்ல வேண்டியவை கண்ணீர்ச் சுரப்பியில் போய்ச் சேர்ந்திருக்கின்றன. சாப்பிட்டால் கண்ணீர் வரும். துக்கமும் இல்லை, பரவசமும் இல்லை.

"போய் அந்த நாலு பேர்கிட்ட சொல்லு" என்றாள் வெளியே வந்ததும். "தொட்டது மீன் கொழம்புன்னு."

இப்போது மறுபடி மேடை ஏறுகிறாள். கூட்டத்தின் சிரிப்பு முன்பைவிடக் குறைவு. முன்பு படப்பிடிப்பு இடைவெளியில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு ஓடுவாள். இப்போது வலப்பக்கமாக மென்று, நடுவில் நிறுத்தி, கண்ணைத் துடைத்து, ஒரு தட்டு முடிய நெடுநேரம் ஆகிறது. நானும் எழுந்திருப்பதில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஒரு நரம்பு வீங்கியது, வடிந்தது, கொஞ்சம் தப்பாக வளர்ந்தது. இடது கண் இப்போது ஜெபத்தில் மூடுகிறது. சாப்பாட்டில் நீர் விடுகிறது.