முகமில்லாத மாஸ்டர்

விடிந்தும் விடியாத நேரத்தில் எங்கள் வீட்டு ஹாலுக்குள் பனி வந்து உட்கார்ந்திருக்கும். நாவலப்பிட்டியில் அது விருந்தாளி இல்லை, குடும்பத்தில் ஒரு ஆள். கதிரைகளைச் சுவரோரம் தள்ளி, ஃபோனை அலுமாரித் தட்டில் சாய்த்து வைத்துவிட்டு, நானும் என் வீட்டுக்காரரும் சண்டை பழகுவோம். அறுபதைத் தாண்டிய இரண்டு பேர். பக்கத்து வீட்டார் பார்த்திருந்தால் எங்களுக்குள் என்ன தகராறோ என்று நினைத்திருப்பார்கள்.

அவருக்குப் பார்க்கின்சன் வியாதி. கை நடுங்குவதுகூடப் பரவாயில்லை. நடந்துகொண்டே இருக்கும்போது திடீரென்று கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மனசு போ என்கிறது, கால் கேட்பதில்லை. அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில், ஃபாதர் கையால் நன்மை அப்பம் வாங்கப் போகும் வரிசையின் நடுவில் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டார்கள். நான் கையைப் பிடித்து இழுத்தேன். உடம்பு வந்தது, கால் வரவில்லை, விழுந்தார். "காலையிலேயே போட்டுட்டு வந்திருக்காரு போல" என்று யாரோ சொன்னது எங்கள் இருவர் காதிலும் விழுந்தது. வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனிதர்.

அன்றோடு கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். வீட்டுக்கே நன்மை கொண்டு வரட்டுமா என்று ஃபாதர் கேட்டனுப்பியதற்கும் வேண்டாம் என்றார். "நடந்து போய் வாங்கணும். இல்லாட்டி வேணாம்." ஞாயிறு காலையில் மணிச் சத்தம் கேட்டால் எழுந்துபோய்ப் பின்பக்கம் நிற்பார்.

கண்டியில் அவரைப் பார்க்கும் டாக்டர்தான் தாய் சீ பழகச் சொன்னார். சீனத்து அடிதடிக் கலைதான், ஆனால் கனவுக்குள் சண்டை போடுகிற மாதிரி அத்தனை மெதுவாகச் செய்ய வேண்டும். நாவலப்பிட்டியில் அதற்கு வாத்தியாருக்கு எங்கே போக? இணையத்தில் தேடினேன். முதலில் வெள்ளைப் பட்டு உடுத்திய ஒரு பெண் கிடைத்தாள். கடற்கரையில் நின்று சிரித்துச் சிரித்துக் கற்றுக்கொடுத்தாள். "அந்தம்மா என்னையே பாக்குது" என்று இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் எதிரே நின்று ஒரு கையைத் தூக்க, இவர் ஒன்றையும் நான் மற்றதையும் தூக்க, முழங்கைகள் மோதிக்கொண்டன. ஹால் போதாது என்று நான் முணுமுணுத்தேன்.

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்றார். அவர் என்னைக் கேலி செய்து வெகு நாளாயிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு ஒரு அனிமேஷன் அகப்பட்டது. சாம்பல் நிறத்தில் ஓர் உருவம். கண் இல்லை, வாய் இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நமக்கு முன்னால் நிற்கும். எந்தக் காலில் பாரம் இருக்கிறதோ அந்தக் கால் மட்டும் மெல்லச் சிவக்கும். "இவன் யாரையும் பாக்க மாட்டான்" என்று சொல்லி இவர் எழுந்து நின்றார். மாஸ்டர் என்று பெயரும் வைத்தார்.

மேகக் கை என்று அதில் ஓர் அசைவு. கைகள் மாறி மாறி முகத்துக்கு முன்னால் மிதந்து போகும், கால்கள் பக்கவாட்டில் நகரும். ஜன்னல் வழியாக வந்த பனியை நாங்கள் இருவரும் ஒதுக்கி ஒதுக்கி விட்டுக்கொண்டிருப்போம். கீழே ஸ்டேஷனில் ரயில் கூவும். எது கை, எது பனி என்று தெரியாத சில காலைகளில் யாருக்கும் வயதாகவில்லை, யாருக்கும் வியாதி இல்லை என்று நான் நம்பினேன்.

பனி கனத்தால் சிக்னல் செத்துவிடும். மாஸ்டர் ஒரு குதிகாலைத் தூக்கியபடி அப்படியே நிற்பார். அவர் முதுகில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். நான் ஃபோனைத் தட்டுவேன், கம்பெனிக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டுவேன். இவரோ மாஸ்டரைப் போலவே குதிகாலைத் தூக்கிக்கொண்டு நிற்பார். கோயிலில் இவர் கண்ணில் பார்த்த திகில் அப்போது இருக்காது. மாஸ்டர் நகர்ந்தால் இவரும் நகர்வார். திட்டுகிற மும்முரத்தில் நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் டவுனில் சிக்னல் நன்றாக இருந்த இடத்தில் வீடியோவை ஃபோனிலேயே இறக்கி வைத்துக்கொண்டேன். மறுநாள் காலை மாஸ்டர் ஒரு தடங்கலும் இல்லாமல் ஆடினார். பாதியிலேயே இவர் தடுமாறிக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த நிக்கிற எடம் எங்க?"

"எந்த எடங்க?"

"மாஸ்டர் நிப்பாரே. அது வரலியே."

"அது சிக்னல் இல்லாம ஃபோன் மாட்டிக்கிட்டதுங்க."

"அதுவும் ஆட்டத்துல ஒரு அடின்னுல்ல நான் நெனச்சேன்."

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தம் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாட்டிக்கிட்டாலும் அவன் விழலியே" என்றார். "நின்னான். அப்புறம் போனான்." கதிரையைப் பிடித்து எழுந்துகொண்டே, "இந்த ஞாயித்துக்கெழம பூசைக்குப் போவோம்" என்றார்.

மறுபடி அங்கே விழுந்தால் மனிதர் வீட்டு வாசலைக்கூடத் தாண்டமாட்டார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணி வைக்கச் சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிறு, நன்மை வரிசையில் அவருக்குப் பின்னால் நான். பீடத்துக்குக் கொஞ்சம் முன்னால், நான் பயந்தபடியே, அவர் கால் நின்றது. என் கை தானாக அவர் முழங்கையைத் தேடிப் போனது.

"இழுக்காத" என்றார் திரும்பாமல். "நான் நிக்கிறேன்."

கையைக் கட்டிக்கொண்டேன். பின்னால் யாரோ இருமினார்கள். ஃபாதர் நன்மையை ஏந்திக்கொண்டு இவரை நோக்கிப் படி இறங்கினார். இவர் விரலை மட்டும் அசைத்தார், கொஞ்சம் பொறுங்க என்று. ஃபாதர் அங்கேயே நின்றுவிட்டார். பாட்டு முடிந்தது, ஓர்கன் வாசித்தவர் அதையே மறுபடி தொடங்கினார். இவருடைய பாரம் மெதுவாக வலது காலுக்குப் போவது முதுகில் தெரிந்தது. இடது குதிகால் எழுந்தது.

நடந்தார். யார் தயவும் இல்லாமல் நடந்து போய், நடுங்குகிற இரண்டு கைகளையும் நீட்டி வாங்கினார்.

அடுத்தது நான். கால் வரவில்லை. கண்ணீர் கண்ணை மறைத்தது. எதிரே ஃபாதர் காத்திருந்தார், பின்னால் வரிசை முழுக்கக் காத்திருந்தது. யாரும் என்னைத் தள்ளவில்லை.