வானம் தெரியும் கூரை

எங்கள் அக்காள் கர்த்தரண்டை சென்று இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. எழுதப் படித்த பிள்ளைகள் குடும்பத்தில் நிறையப் பேர் உண்டு. ஆனாலும் இதை நான்தான் எழுத வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காள் அருமனையில் ஓலைக்குடிலில் பிறந்தார்கள். அம்மா சீக்கிரம் இறந்துபோனதால், ரப்பர் பால் வெட்டி என்னை வளர்த்தார்கள். மழை பெய்தால் குடில் ஒழுகும். சாக்கை விரித்து என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, தாம் நனைந்தபடி நிற்பார்கள். அந்த வைராக்கியத்தில்தான் கொத்தனார் வேலைக்குப் போனேன். இன்று அருமனை முதல் கொட்டாரம் வரை நான் கட்டிய மாடி வீடுகள் நிற்கின்றன. ஒன்றிலாவது ஒரு சொட்டு ஒழுகியதாக எவரும் சொன்னதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

கடைசிக் காலத்தில் அக்காள் கூடாரப் பண்டிகையைக் கைக்கொள்ளத் தொடங்கினார்கள். முன்னோர் வனாந்தரத்தில் குடியிருந்ததை மறக்காதபடி யூதர்கள் ஏழு நாள் வானம் தெரியும் இலைக்குடிலில் தங்கும் பண்டிகை அது.

"யூதருக்குள்ளது நமக்கு எதுக்கு அக்கா?" என்று கேட்டேன்.

"வீடு வச்சவனுக்குப் பழைய குடிலு ஓர்மை வேணும்லா மக்கா. ஆண்டவரும் பரலோகத்த விட்டு நம்ம நடுவுல கூடாரம் போட வந்தவருதான்" என்றார்கள்.

போன வருஷம் அவர்கள் வீட்டு முற்றத்தில் நானே கூடாரம் போட்டுக்கொடுத்தேன். இரும்புக் குழாய், தகரக் கூரை, ஃபேன். அக்காள் அண்ணாந்து பார்த்தார்கள்.

"ஏலே, வானம் எங்க?"

"வானம் தெரிஞ்சா மழை உள்ள வரும்லா!"

"வரட்டு. கூடாரம் கேட்டா ரேஷன் கடை கெட்டித் தந்திருக்கான் பாருங்க!"

என் வேலையாட்கள் சிரித்துவிட்டார்கள். என் வேலையைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. திரும்பிப் பாராமல் வந்துவிட்டேன். அக்காள் தகரத்தைக் கழற்றச் சொல்லி, ஓலை போட்டு உட்கார்ந்தார்கள். தினமும் போன் வந்தது.

"கஞ்சியும் பயறும் வச்சிருக்கேன். ஒரு நேரம் வந்து கூட இருந்து குடிச்சிட்டுப் போ மக்கா."

ஏழு நாளும் நான் போகவில்லை. பத்தாம் நாள் அக்காளுக்கு மாரடைப்பு.

அன்றிலிருந்து என் மாடி வீட்டில் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எழுகிறேன், நடக்கிறேன், கூரையைப் பார்க்கிறேன், மறுபடி நடக்கிறேன்.

அக்காளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அயல்வீட்டாருக்கும், ஜெபித்த சபையாருக்கும் நன்றி. அந்த ஏழு நாளும் அக்காளோடு இருந்து கஞ்சி குடித்தவர்களுக்குத் தனியாக நன்றி சொல்கிறேன். நான் இருக்க வேண்டிய இடத்தில் நீங்கள் இருந்தீர்கள்.

இந்த வருஷம் அதே முற்றத்தில் கூடாரம் போட்டிருக்கிறேன். ஏழு நாளும் கஞ்சியும் பயறும் உண்டு. எல்லாரும் வாருங்கள். ஓலையை இடைவெளி விட்டுத்தான் வேய்ந்திருக்கிறேன். நான் கட்டியதில் ஒழுகுவது இது ஒன்றுதான்.

— தம்பி