மூட்டை காக்கும் கெங்கம்மா

“பேரு சொல்லு நைனா. ஊரு சொல்லு. வூட்ல யாரு கீறாங்கோ, அதையும் சொல்லு. அப்பால மூட்டைய வையி.”

ஆடி அமாவாசைக்குக் கடலில் முழுக வந்த செங்கற்பட்டுக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. “சாகப்போறவன்கிட்ட கேக்கற மாதிரி கேக்கறாளே!” என்று மனைவியிடம் முணுமுணுத்தார். கெங்கம்மா அசையவில்லை. மணலில் விரித்த கோணியின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து, நீட்டிய மூட்டையை வாங்காமல் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் வேறு வழியில்லாமல் பேரும் ஊரும் சொன்னார். அவள் அதை உதட்டுக்குள் மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. பிறகுதான் மூட்டை கோணிக்கு வந்தது.

இராயபுரம் கடற்கரையில் அவளுக்கு இதுதான் பிழைப்பு. உள்நாட்டிலிருந்து வருகிறவர்கள் குளித்துக் கரையேறும் வரை துணிமணி, செருப்பு, கட்டுச்சோறு எல்லாவற்றையும் காவல் காப்பாள். கொடுப்பதை வாங்கிக்கொள்வாள். வயது ஐம்பது இருக்கும். துறைமுகத்துக் கூலி யாரோ கழித்துப்போட்ட காக்கிச் சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டியிருப்பாள். கடைவாயில் எப்போதும் ஒரு துண்டுப் புகையிலை. பேச்செல்லாம் நம்மோடு, கண் மட்டும் தண்ணீரில். யாராவது நாலடி உள்ளே போய்விட்டால் துண்டின் நிறத்தைச் சொல்லிக் கத்துவாள். “ஏய், செவப்புத் துண்டு! இந்தாண்ட வா! கடலு உன் மாமியார் வூடா?”

நான் அரூர் தாலுக்காவில் ஒரு போர்டுப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர். நாற்பது வயது வரை கடலைப் பார்த்ததில்லை. கையில் இருந்த சொற்பத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் பட்டணம் பார்ப்பதென்று மூன்றாம் வகுப்பில் வந்து இறங்கினேன். செத்த காலேஜ் என்கிற மியூசியத்தையும் உயிர்க் காலேஜ் என்கிற மிருகக்காட்சிசாலையையும் நடந்தே பார்த்தேன். டிராமில் ஒரே ஒரு தடவை, அனுபவத்துக்காக ஏறினேன். தங்கியது இராயபுரத்தில், அலி அக்பர் சாயபுவின் கயிற்றுக் கிடங்குக்கு மேல். ஒரு பாய், ஒரு குடம் தண்ணீர், சுவரெல்லாம் மூட்டைப்பூச்சி. பக்கத்துப் பாய்களில் ரங்கூன் கப்பலுக்குக் காத்திருந்தவர்கள் பேச்சுமூச்சில்லாமல் படுத்துக் கிடந்தார்கள். காலையில் முகத்தைத் துடைத்தால் துண்டில் கரித்தூள் வரும். கருவாட்டு நாற்றம் சோற்றிலும் இருந்தது. நான் மனத்தில் வைத்திருந்த பட்டணம் வெள்ளையாக இருந்தது. வந்து பார்த்தது சாம்பல் நிறம்.

கடலும் அப்படித்தான். தெற்கே துறைமுகச் சுவர் நீண்டு கிடக்க, அதற்கு வடக்கே அலை கரையை அரித்துக்கொண்டே வந்திருந்தது. பாதி இடிந்த வீடுகள் தண்ணீரைப் பார்த்தபடி வாயைத் திறந்து நின்றன. “அந்தாண்ட செவுரு கட்னாங்கோ, இந்தாண்ட கடலு வூட்டைத் துன்னுது” என்றாள் கெங்கம்மா. அவளுடைய முதல் வீடு இருந்த இடத்தைக் கையால் காட்டினாள். அங்கே ஒரு கட்டுமரம் மிதந்துகொண்டிருந்தது. இரண்டாவது வீட்டில்தான் அவள் புருஷன் இறந்தான். கப்பலில் கரி இறக்கி இறக்கி நெஞ்சு கெட்டுப்போய், கறுப்பாய் இருமியே இறந்தான். இப்போது இருப்பது மூன்றாவது வீடு, மாதாகோயிலுக்குப் பின்புறச் சந்தில்.

அமாவாசைக்கு மறுநாள் நானும் குளிக்கப் போனேன். வழக்கப்படி பேரும் ஊரும் கேட்டாள். “அரூர் தாலுக்கா” என்றேன்.

உதட்டுக்குள் சொல்லிப் பார்க்கவில்லை. மென்றுகொண்டிருந்த வாய் நின்றுவிட்டது. “படிச்சவனா நீ?” என்று கேட்டாள். வாத்தியார் என்றேன். “குளிச்சது போதும், எயுந்து வா நைனா” என்றாள். நான் அதுவரை காலைக்கூட நனைக்கவில்லை.

அவள் குடிசையில் கூரையிலிருந்து ஒரு உறி தொங்கியது. அதிலிருந்து பழுப்பு வேட்டியில் கட்டிய மூட்டை ஒன்றை இறக்கினாள். உள்ளே ஒரு மாற்றுச் சட்டை, வண்டு விழுந்த கேழ்வரகு மாவு, காகிதத்தில் சுற்றிய கண்ணாடி வளையல், எட்டு வயதுப் பெண்ணுக்கான சிற்றாடை, ஒரு தபால் கார்டு.

“போன மாசி மகத்துக்கு வந்த ஆளு. அன்னிக்கி ஜனம் கடலை மறைச்சிகினு நின்னுது. மூட்டை மேல மூட்டை. நானு யாரையும் ஒண்ணும் கேக்கல. பொயுது சாஞ்சிது. எல்லாரும் வந்து எட்த்துகினு பூட்டாங்கோ. இது மட்டும் குந்திகினு கீது.”

மறுநாளும் அதே இடத்தில் மூட்டையோடு காத்திருந்திருக்கிறாள். போலீஸ்காரர் ஒருவரிடம் சொன்னதற்கு, குடித்துவிட்டு எங்கேயாவது கிடப்பான், வருவான் என்றாராம். நாலாம் நாள் எண்ணூரிலிருந்து மீன் கூடையோடு வந்த பெண்கள், நெட்டுக்குப்பத்தில் ஒரு பிணம் ஒதுங்கியதைச் சொன்னார்கள். கெங்கம்மா மணலோடு மணலாக அவ்வளவு தூரமும் நடந்து போனாள். அவள் போவதற்குள் வேலப்பன் என்ற மீனவர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு அதைப் புதைத்துவிட்டார். முகம் அடையாளம் தெரியவில்லை, வலது கையில் செப்புக் காப்பு இருந்தது என்றார். மூட்டையை நீட்டிய கையில் கெங்கம்மா அந்தக் காப்பைப் பார்த்திருந்தாள். அன்றைக்குப் பிறகுதான் பேர் கேட்காமல் அவள் மூட்டை வாங்குவதில்லை.

கார்டை வெளிச்சத்தில் பிடித்தேன். தண்டையார்பேட்டைக் கடைக் கணக்குப்பிள்ளை ஒருவர் முன்பே படித்துப் பார்த்து, தாலுக்காவின் பேர்தான் தெரிகிறது, ஊர்ப் பேர் வியர்வையில் அழிந்துபோயிற்று என்று கெங்கம்மாவிடம் சொல்லியிருந்தார். விலாசத்தில் ‘மாதையன் சம்சாரம்’ என்பது வரை தெரிந்தது. எங்கள் தாலுக்காவில் தெருவுக்கு நாலு மாதையன் உண்டு. ஆனால் ஊர்ப் பெயரில் ஒரு ‘வே’யும் கடைசியில் ‘ம்பட்டி’யும் மிஞ்சியிருந்தன. பக்கத்து ஊர்க்காரனுக்கு அது போதும். வேப்பம்பட்டி. பின்புறம் யாரோ கூலிக்கு எழுதிக்கொடுத்த கையெழுத்து: ‘சுகமாய் வந்து சேர்ந்தேன். பாப்பாவுக்குச் சிற்றாடை வாங்கினேன். நாளைக்குக் கடல் பார்த்துவிட்டு ரயில் ஏறுவேன்.’ கார்டுக்கு முன்னால் தானே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நினைத்தோ என்னவோ, மாதையன் அதைத் தபாலில் போடவில்லை.

நான் உடனே கடிதம் எழுத உட்கார்ந்தேன். கெங்கம்மா என் கையைப் பிடித்தாள்.

“பூட்டாருன்னு எயுதாத.”

“உண்மையை மறைக்கலாமா?”

“மறைக்கச் சொல்லல நைனா. கடுதாசில படிச்சா அவ பக்கத்துல யாரு குந்துவாங்கோ? போஸ்டுமேன் படிச்சிட்டு அவன் பாட்டுக்கு பூடுவான். மூட்டை கீது, வாங்கிகினு போ தாயின்னு எயுது. இங்க வரட்டும். நானு சொல்றேன்.”

அவள் சொன்னபடியே எழுதினேன். அது சரியா தவறா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. என் ஒரு வாரம் முடிந்துபோயிற்று. எனக்கு வயிற்றுக் கோளாறு என்று தலைமை உபாத்தியாயருக்கு ஒரு பொய் எழுதிப்போட்டுவிட்டு, அந்தப் பெண் வரும்வரை வாழைப்பழமும் பொரிகடலையுமாக நாளைத் தள்ளினேன்.

கடிதம் போட்ட ஏழாம் நாள் காலை மாதையன் மனைவி வந்தாள். பெயர் குள்ளம்மாள். மொரப்பூரில் ரயில் ஏறித் தன் தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்திருந்தாள். தலையில் மல்லிகை வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் என்னால் அவள் எதிரில் நிற்க முடியவில்லை.

“அவரு எங்க? ரங்கூனுக்கு ஓடிப்போயிட்டாருன்னு ஊர்ல சொன்னாங்க. எவளையோ சேத்துக்கிட்டாருன்னும் சொன்னாங்க. எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க. நான் சண்டைக்கு வரல.”

கெங்கம்மா ஒரு தட்டில் ஆப்பம் வைத்து அவள் முன்னால் நகர்த்தினாள். “மொதல்ல துன்னு தாயி.” குள்ளம்மாள் பசியோடு சாப்பிட்டாள். இரண்டு நாள் பயணத்தில் சரியாகச் சாப்பிடவில்லை போலும். கடைசி வாய் உள்ளே போகும்வரை கெங்கம்மா காத்திருந்தாள். பிறகு அவள் கையைக் கழுவிவிட்டு, அந்த ஈரக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். மாசி மகம், கூட்டம், மூட்டை, நெட்டுக்குப்பம், காப்பு. எதையும் மெதுவாக்கிச் சொல்லவில்லை.

குள்ளம்மாள் முதலில் அழவில்லை. “அஞ்சு மாசமா அவரைத் திட்டிட்டு இருந்தேனே” என்றாள். பிறகு கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். “மூட்டைய வாங்கி வச்சவ நீதானே. ஆளு உள்ள போச்சே, வெளிய வரலியேன்னு பாக்கலியா நீ?”

“அன்றைக்கு ஏராளமான கூட்டம் அம்மா, நாற்பது ஐம்பது மூட்டை…” என்று நான் ஆரம்பித்தேன்.

“நீ சொம்மா இரு நைனா” என்றாள் கெங்கம்மா. குள்ளம்மாளை நேராகப் பார்த்தாள். “பாக்கல தாயி. நானு பாக்கல.”

குள்ளம்மாள் அவளை வைதாள். அவள் குடி நாசமாகப் போகும் என்றாள். சந்தில் ஆட்கள் கூடினார்கள். கெங்கம்மா தலையைக் குனியாமல் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வைது முடித்துக் குள்ளம்மாள் சுவரில் சாய்ந்தபோது, “எடத்தைக் காட்றேன், வா” என்று மட்டும் சொன்னாள்.

எண்ணூர் வரை ரயிலில் போனோம். அங்கிருந்து நெட்டுக்குப்பத்துக்கு நடை. குள்ளம்மாள் மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு எங்களுக்குப் பத்தடி முன்னால், கெங்கம்மாவைத் திரும்பியே பார்க்காமல் நடந்தாள். தம்பி அவள் பக்கத்தில் போனான். வேலப்பன் வலையை வைத்துவிட்டு எழுந்து வந்தார். முகத்துவாரத்தின் ஓரமாக எங்களை அழைத்துப் போய், ஒரு மணல் மேட்டைக் காட்டினார். பிறகு தயங்கினார்.

“இங்கதாம்மா… இல்ல, அந்தப் பனங்கட்டைக்கு அந்தாண்ட. ஆத்து மொகம் ரெண்டு தபா மாறிப்போச்சி. மணலு அங்கங்க நகந்துகினே கீது. கல்லு ஒண்ணு வச்சேன், அதயும் காணோம்.”

கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே மாதிரி மணல். குள்ளம்மாள் இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். “எந்தப் பக்கம் பாத்து அழறது நான்?” என்று கேட்டாள். அப்படியே உட்கார்ந்து, மூட்டையைப் பிரித்து, சிற்றாடையை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதாள். தலையிலிருந்த மல்லிகையைப் பிய்த்தெடுத்து எறிந்தாள். காற்று அதை எங்கள் காலடிக்கே கொண்டுவந்து போட்டது.

வெயில் ஏறிய பிறகு எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தலை முழுகாமல் ஊருக்குத் திரும்ப முடியாது என்றாள். வேலப்பன் பதறினார். “இங்க எறங்கக் கூடாதும்மா. ஆறும் கடலும் சேர்ற எடம், காலை வாரிடும். கெணத்துல மொண்டு ஊத்திக்கோ.”

“அவரு முழுகின தண்ணியிலதான் நானும் முழுகுவேன்.”

அவள் குரலில் இருந்த எதுவோ எனக்குப் பிடிக்கவில்லை. தம்பி அவள் தோளைப் பிடித்தான். அவள் உதறினாள். நேராகத் தண்ணீரை நோக்கி நடந்தாள்.

கெங்கம்மா ஓடினாள். அந்த உடம்பு அப்படி ஓடும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அலை நுரைத்து நிற்கும் இடத்தில் அவளைப் பிடித்தாள். தடுக்கவில்லை, இழுக்கவில்லை. காக்கிச் சட்டையைக் கழற்றி மணலில் போட்டாள். தன் முந்தானையை எடுத்துக் குள்ளம்மாளின் முந்தானையோடு சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டாள். அதன்மேல் இன்னொன்று போட்டாள். இரண்டு கையாலும் இழுத்து, அவிழாது என்று பார்த்துக்கொண்டாள்.

“வா தாயி” என்று சொல்லிவிட்டு, முதல் அடியைத் தண்ணீரில் வைத்தாள்.